கம்பெனி கம்ப்யூட்டரா, கடையில் சேர்த்ததா?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது)



என்னை ஏன் பேசக் கூப்பிட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். நம்ம அலுவலகத்துக் கம்ப்யூட்டரை வாங்கிய கொள்முதல் குழுவில் நானும் ஒருத்தி. வாங்கி ஒன்றரை வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் தண்ணிக் குழாயடியில பார்த்தாலும், நூறு நாள் வேலையில பார்த்தாலும், "ஏன்டி, கம்பெனி கம்ப்யூட்டர் வாங்காம கடையில மாட்டிக் குடுத்ததை ஏன் வாங்குனீங்க?"ன்னு கேட்கிறீங்க. இப்போ மூன்று குழுக்கள் சொந்தமாக ஒன்று வாங்கத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லி தலைவி அக்கா கேட்டுக்கொண்டார்கள். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் படிக்கல. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போறேன்.

கம்ப்யூட்டர் எதுக்குன்னு புதுசா சேர்ந்தவங்களுக்குத் தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது அப்போதைய அலுவலகத்தின் ஓடு பறந்து, பீரோவுக்குள்ளே தண்ணீர் இறங்கியது. மூன்று குழுக்களின் கடன் லெட்ஜர் நனைந்து மை கரைந்துவிட்டது. யார் எவ்வளவு கட்டினாங்க, யாருக்கு எவ்வளவு பாக்கின்னு வீடு வீடாகப் போய், பாஸ்புக்கை வெயிலில் காய வைத்து எழுதினோம். அதில் இரண்டு அக்காமார் இன்றைக்கும் ஒருத்தருக்கொருத்தர் பேசுறதில்லை. கணக்கு இரண்டு இடத்தில் இருக்கணும்னு அன்றைக்கே பேசினோம். பணம் சேர்ந்து தீர்மானம் போட 2024 ஆகிவிட்டது. ஒதுக்கியது 50,000 ரூபாய். நம்ம சந்தாவிலும் சேவைக் கட்டணத்திலும் சேர்ந்த பணம். யாரும் மானியமாகக் கொடுத்தது இல்லை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கம்ப்யூட்டர் வாங்க இரண்டு வழி இருக்கிறது. கம்பெனியே செய்து, மூடி, பேர் போட்டு விற்கிறது ஒன்று. ஒவ்வொரு பாகத்தையும் நாம் சொல்லி, கடையில் சேர்த்து மாட்டி வாங்குவது இன்னொன்று. அசெம்பிள்டுன்னு சொல்வாங்க. நகைக்கடையில் செய்து வைத்த சங்கிலி வாங்குவதற்கும், ஆசாரியிடம் தங்கம் கொடுத்துச் செய்வதற்கும் உள்ள வித்தியாசம்னு வச்சுக்குங்க. ஆசாரிகிட்ட செஞ்சா கொக்கி எப்படி இருக்கணும், கண்ணி எவ்வளவு தடிமன் இருக்கணும்னு நாம சொல்லலாம். ஆனா அவர் எவ்வளவு செம்பு சேர்த்தார்னு நாமதான் பார்த்துக்கணும்.

உள்ளே இருப்பது ஆறேழு பாகம்தான். கணக்குப் போடுகிற சில்லு புராசசர். எல்லாவற்றையும் மாட்டுகிற பலகை மதர்போர்டு. ராம் என்பது நம்ம அடுப்பு மேடை மாதிரி, வேலை நடக்கும்போது எடுத்து வைக்கிற இடம். எஸ்.எஸ்.டி. என்பது பரண். பரண்ல எவ்வளவு சாமான் இருந்தாலும் மேடை சின்னதா இருந்தா சமையல் தாமதம்தான். வீட்டில் வருகிற 230 வோல்ட் கரண்டை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். இதைச் சப்ளைன்னு சொல்வாங்க. பேர் சின்னது, ஆனா வீட்டுக்கே படியளக்கிற மாமியார் இதுதான். இதுங்களை அடக்கி வைக்கிற தகரப் பெட்டி கேபினட். வெளியே மானிட்டர், கீபோர்டு, மவுஸ்.

கூட்டமைப்பு விதிப்படி மூன்று விலைப்புள்ளி வாங்கணும். வாங்கினோம். ஒருத்தர் 24,500, இன்னொருத்தர் 34,800. இரண்டும் அசெம்பிள்டு. மூன்றாவது கம்பெனி கம்ப்யூட்டர், 45,800. மூன்றிலும் ஒரே வரிதான் எழுதியிருந்தது: "ஐ3 கம்ப்யூட்டர், 8 ஜிபி ராம், மானிட்டருடன்". கூட்டத்தில் பாதிப் பேர் "24,500க்கே கிடைக்குதுல்ல, அதையே வாங்கிருவோம்"னு எழுந்தே விட்டார்கள்.

எனக்கு மனசு ஒப்பல. ஒரே சாமானுக்கு பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் எப்படி வரும்? ரேஷன் அரிசியும் பொன்னி அரிசியும் இரண்டும் அரிசின்னுதானே எழுதுவாங்க? என் அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனைக் கேட்டேன். "அத்தை, ஐ3ன்னு சொன்னா பத்தாது, அதுக்குப் பின்னால இருக்கிற நம்பரைக் கேளு"ன்னான். கடைக்கு போன் போட்டுக் கேட்டேன். 24,500 கடையில் சொன்னது 4130. நான்கு இலக்கத்தில் முதல் எண் 4 என்றால் நான்காம் தலைமுறை. அது 2013இல் வந்த சில்லு. 34,800 கடை சொன்னது 12100. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு எண்ணைப் பார்க்கணும். அது பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது. பதினோரு வருஷப் பழைய சில்லைப் புதுப் பெட்டிக்குள் வைத்துப் புதுசுன்னு கொடுக்கப் பார்த்திருக்கிறார்கள். விண்டோஸ் 11 போடணும்னா இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேணும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு கம்பெனி சாதாரணமாகக் கொடுக்கும் பாதுகாப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு அதை வாங்கியிருந்தால் இன்றைக்கு நம்ம கணக்கு எல்லாம் பூட்டு இல்லாத வீட்டில் இருந்திருக்கும்.

அதனால் நாங்கள் ஒரு வேலை செய்தோம். ஒரு தாளில் பாகம் பாகமாக எழுதினோம். என்ன புராசசர், என்ன மதர்போர்டு, ராம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. எவ்வளவு, சப்ளை எத்தனை வாட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை வருஷம் வாரண்டி. அந்த ஒரே தாளை அறந்தாங்கியில் இரண்டு கடைக்கும் புதுக்கோட்டையில் ஒரு கடைக்கும் கொடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே விலை போடச் சொன்னோம். இப்போ 34,000, 35,200, 36,900 என்று வந்தது. இப்பத்தான் மூன்று விலைப்புள்ளிக்கு ஒரு அர்த்தமே வந்தது. தாள் மாறினால் விலைப்புள்ளி வாங்கியும் வாங்காத மாதிரிதான்.

அதிலும் ஒரு கடை முதலில் 33,000 போட்டுக் கொடுத்தது. தாளை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தால், 12100 என்பதற்குப் பின்னால் எஃப் என்று ஒரு எழுத்து. எஃப் போட்ட சில்லில் திரைக்குப் படம் அனுப்புகிற பகுதி இருக்காது. அதுக்குத் தனியா ஒரு கார்டு வாங்கணும். விலை குறைந்தது அந்த ஒரு எழுத்தால்தான். திருத்தி அனுப்பச் சொன்னோம், 35,200 என்று வந்தது அதுதான்.

எங்களுக்கு முடிவான விலை இது. புராசசர் 10,500. மதர்போர்டு 6,200. ராம் 8 ஜிபி 1,750. எஸ்.எஸ்.டி. 500 ஜிபி 3,300. சப்ளை 450 வாட் 2,600. கேபினட் 1,900. மானிட்டர் 6,800. கீபோர்டும் மவுசும் 950. ஆக 34,000. இது 2024 ஜூன் விலை. போன வருஷக் கடைசியிலிருந்து ராம் விலை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. அதனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீங்க.

இங்கேதான் நிறையப் பேர் தப்பாகக் கணக்குப் பார்க்கிறாங்க. கம்பெனி கம்ப்யூட்டர் 45,800, இது 34,000, பன்னிரண்டாயிரம் மிச்சம்னு நினைப்பாங்க. மிச்சம் இல்லை. கம்பெனிப் பெட்டியில் விண்டோஸ் சேர்ந்தே வரும். அசெம்பிள்டில் வராது. கடைக்காரர் "அதை நான் ஃப்ரீயா போட்டுத் தர்றேன்மா"ன்னு சொல்வார். அது திருட்டு நகல். நம்ம கணக்கைத் தணிக்கை செய்றாங்க, ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் வைக்கிறோம், இதுக்கு மட்டும் பில் இல்லாமல் வைக்கலாமா? பில்லோடு விண்டோஸ் 9,500 ஆனது. மொத்தம் 43,500. கம்பெனிக்கும் இதுக்கும் வித்தியாசம் 2,300 ரூபாய்தான். காசே இல்லாத வழியும் உண்டு. லினக்ஸ் இருக்கிறது. நம்ம சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் என்பதும் அந்த வகைதான். லிப்ரே ஆபீசில் கணக்குத் தாள் போடலாம், தமிழிலும் எழுதலாம். நம்ம கணக்காளர் தங்கச்சிக்கு விண்டோஸ்தான் பழக்கம், அதனால் அதை வாங்கினோம். பழகத் தயாரா இருக்கிற குழு அந்த 9,500ஐ மிச்சம் பிடிக்கலாம்.

வித்தியாசம் 2,300தான் என்று தெரிந்ததும் பொருளாளர் அக்கா கேட்ட கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. "இன்னைக்கு நீ இருக்க. மூணு வருஷத்துல பொறுப்பு மாறும். அப்ப வர்றவளுக்கு இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? கம்பெனி பெட்டின்னா ஒட்டின சீட்டுல நம்பர் இருக்கும். போன் போட்டா ஆள் வருவான். 2,300க்காக அதை விடணுமா?" நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் டைம் கேட்டேன்.

அந்த இரண்டு நாளில் நான் செய்தது ஒன்றுதான். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு போன் போட்டேன். "எங்க ஊருக்கு ஆள் வந்து ரிப்பேர் பார்ப்பாங்களா?"ன்னு கேட்டேன். பின்கோடு கேட்டாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டுவிட்டு, "உங்கள் பகுதிக்கு நேரில் வரும் சேவை இல்லை மேடம், திருச்சி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாங்க"ன்னாங்க. திருச்சிக்கு இரண்டு பஸ் மாறணும். பெட்டியை மடியில் வச்சுக்கிட்டுப் போய், விட்டுட்டு வந்து, திரும்பவும் போய் எடுக்கணும். அப்புறம் விலைப்புள்ளி கொடுத்த கடையில் கேட்டேன், "இந்த மாடல்ல சப்ளை போனா அறந்தாங்கியில கிடைக்குமா?" அவர் உண்மையைச் சொன்னார். அந்த மாடலில் சப்ளையும் போர்டும் கம்பெனிக்கென்று தனி அளவில் செய்தது. வெளியில் விற்கிற சப்ளை அதில் உட்காராது, ஒயர் முனையும் வேறயாம். எல்லாக் கம்பெனியும் எல்லா மாடலும் அப்படி இல்லை. ஆனா எங்களுக்கு வந்த விலைப்புள்ளியில் இருந்தது அப்படித்தான்.

இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னேன். பொருளாளர் அக்காவின் கேள்விக்குப் பதிலாகத்தான் அந்த நோட்டு வந்தது. பாகத்தின் பேர், சீரியல் நம்பர், வாங்கிய தேதி, வாரண்டி முடியும் தேதி, யாரிடம் போகணும், பில் நகல் எல்லாம் ஒரே நோட்டில் ஒட்டி, பொறுப்பு மாறும்போது சாவியோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கணும்னு தீர்மானத்திலேயே எழுதினோம். 17 பேரில் 11 பேர் கை தூக்கினாங்க. அக்கா தூக்கல. ஆனா அந்த நோட்டுக்கு அட்டை போட்டு, கோடு போட்டுக் கொடுத்தது அவங்கதான்.

வாங்கப் போன நாளைச் சொல்லாம இருக்க முடியல. செயலாளர் அக்கா, கணக்காளர் தங்கச்சி, நான், மூன்று பேரும் போனோம். கடைக்காரர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் யாரும் வரலையாம்மா?"ன்னு கேட்டார். "பணம் எங்ககிட்டதான் இருக்கு"ன்னு செயலாளர் அக்கா சொன்னதும் நாற்காலி வந்தது. எங்க கண் முன்னாலதான் மாட்டணும், பெட்டியின் சீலை எங்க முன்னாலதான் உடைக்கணும்னு சொன்னோம். சீல் போட்ட பெட்டியில் வருகிற புராசசருக்கு இன்டெல் மூன்று வருஷ வாரண்டி கொடுக்கிறது, காற்றாடியும் கூடவே வரும். உதிரியாகக் கொண்டு வந்து மாட்டினால் அது யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

அவர் மாட்ட மாட்ட நான் நம்பரை வாசித்தேன், தங்கச்சி எழுதினாள். பார்க்கப் பயமாத்தான் இருந்தது. மதர்போர்டில் புராசசர் உட்காருகிற இடத்தில் தலைமுடி மாதிரிச் சன்னமான முள் ஆயிரத்துக்கு மேல் நிற்கிறது. அதில் விரல் பட்டு வளைந்தால் போர்டே போச்சு. புராசசரின் ஒரு மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும், போர்டிலும் இருக்கும். இரண்டையும் ஒரே பக்கம் வைத்து, அழுத்தாமல் வைக்கணும், அதுவே உட்காரும். அதை அவரே செய்தார். ராமை நான் மாட்டினேன். ஒரு பக்கம் வெட்டு இருக்கும், மாற்றி வைத்தால் இறங்காது. மிக்சி ஜார் மாதிரிதான், சரியாக வைத்து இரண்டு முனையிலும் அழுத்தினால் டக்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் செயலாளர் அக்கா கை தட்டிட்டாங்க. கடையில் நின்ற பையன்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. தகரத்துல போர்டு நேரா படக்கூடாதுன்னு சின்னப் பித்தளைக் கால் மாட்டி, அதுக்கு மேலதான் வைக்கிறாங்க. கை வைக்கும் முன்னால் கேபினட் தகரத்தைத் தொட்டுக்கச் சொன்னார். நம்ம உடம்பில் இருக்கிற சின்ன மின்சாரம் சில்லைக் கெடுத்துவிடுமாம். நைலான் சேலை கட்டியவங்களுக்கு இது புரியும்.

மாட்டி முடித்து ஸ்விட்ச் போட்டதும், டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னேன். நீல நிறத்தில் ஒரு பக்கம் வரும். அதில் புராசசர் பேரும் ராம் அளவும் கம்ப்யூட்டரே சொல்லும். பில்லில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் பணத்தை எண்ணினோம். கம்பெனிப் பெட்டி வாங்கினாலும் இதைச் செய்யலாம்.

அந்த ஐப்பசி மழையில் நம்ம தெரு ஒயர் மேல் கிளை முறிந்து விழுந்து நியூட்ரல் அறுந்தது ஞாபகம் இருக்கா? ஆறு வீட்டில் ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் கருகியது. நம்ம அலுவலகத்தில் யு.பி.எஸ். போச்சு, கம்ப்யூட்டரில் சப்ளையும் போச்சு. இந்த மாதிரி எரிந்தால் எந்த வாரண்டியும் பேசாது, கம்பெனியோ கடையோ. மறுநாள் காலை பஸ்ஸில் அறந்தாங்கிக்குப் போய் 2,600 ரூபாய்க்கு அதே சப்ளை வாங்கி, சாயங்காலத்துக்குள் கம்ப்யூட்டர் ஓடியது. போர்டும் மற்றதும் பிழைத்துக்கொண்டது. நல்ல சப்ளை தான் எரிந்து மற்றதைக் காப்பாற்றும், பேர் இல்லாத சப்ளை போகும்போது போர்டையும் கூட்டிக்கிட்டுப் போகும்னு கடைக்காரர் சொன்னார். 24,500 விலைப்புள்ளியில் இருந்த சப்ளைக்குப் பேரே இல்லை.

இதைக் கேட்டுட்டு அசெம்பிள்டுதான் எல்லாத்திலும் உசத்தின்னு கிளம்பிடாதீங்க. பத்தாம் மாதம் மானிட்டரில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. கடைக்காரர், "மானிட்டருக்கு அந்தக் கம்பெனிகிட்டதான் போகணும்"னு கையை விரித்தார். திருச்சிக்கு அனுப்பி 19 நாள் ஆச்சு. அதுவரைக்கும் தலைவி அக்கா மகன் வீட்டுப் பழைய மானிட்டரைத் தூக்கி வந்து வேலை பார்த்தோம். பாகத்துக்கு ஒரு கம்பெனி, கம்பெனிக்கு ஒரு அலைச்சல். "நான் அன்னைக்கே சொன்னேன்ல"ன்னு பொருளாளர் அக்கா சொன்னாங்க. சொன்னதுதான், மறுக்க முடியாது.

அதனால் வாங்கப் போகிற மூன்று குழுவுக்கும் ஒரே பதில் கிடையாது. காலேஜ் போற பிள்ளைக்கு லேப்டாப்புன்னா அது கம்பெனிதான், லேப்டாப்பை யாரும் கடையில் மாட்டிக் கொடுக்க மாட்டாங்க. மெயின் ரோட்டுக்குப் பக்கத்துல இருக்கிற குழு, உங்க பின்கோடு சொல்லி ஆள் வருவாங்களான்னு கேளுங்க. வருவாங்கன்னு எழுத்தில் கொடுத்தா, அதுவும் மூன்று வருஷத்துக்குக் கொடுத்தா, கம்பெனியே நல்லது, நான் சண்டைக்கு வரமாட்டேன். உள்ளடங்கிய ஊர்க்காரங்க, கணக்கு எழுத ஒரு தங்கச்சி தைரியமா இருந்தா, தாள் எழுதிச் சேர்த்து வாங்குங்க.

எதை வாங்கினாலும் முதலில் எர்த்தைப் பாருங்க. நம்ம அலுவலகத்தில் பிளக்கில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாகத்தான் இருந்தது. எர்த் இல்லைன்னா கேபினட்டைத் தொட்டால் சுருக்குன்னு பிடிக்கும். கம்ப்யூட்டர் வாங்குறதுக்கு முன்னாலேயே வயர்மேனைக் கூப்பிட்டுக் குழி தோண்டி எர்த் போட்டோம். யு.பி.எஸ். எங்களுக்கு 3,000 ரூபாய் ஆனது, இது இரண்டு வகைக்கும் தனிச் செலவு. இடி மழைன்னா யு.பி.எஸ். இருக்குன்னு நம்பாம பிளக்கையே பிடுங்கிடுங்க.

கணக்கு இப்போ கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஒரு நகல் பென்டிரைவில் பொருளாளர் அக்கா வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் மாற்றி எழுதுகிறோம். கம்ப்யூட்டர் நோட்டு அலுவலகப் பீரோவில் இரண்டாம் தட்டில் இருக்கு. நாங்கள் எழுதிய அந்தத் தாளும் அதிலேயே ஒட்டியிருக்கு. மூன்று குழுவும் விலைப்புள்ளி கையில் வந்ததும் ஒரு மத்தியான நேரம் கொண்டு வாங்க, வரி வரியா சேர்ந்து பார்ப்போம். சாப்பாட்டுப் பந்தி தயாராயிடுச்சுன்னு கை காட்டுறாங்க, முதல் பந்தியில் குழந்தை வைத்திருக்கிறவங்க உட்காரட்டும்.